மூலக்கூறு நோய் ஆய்வில் பாதி வேலை கடிதம்தான்

அரிவாள் செல் சோகை பற்றி இரண்டு ஆய்வகங்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்கின்றன என்று வையுங்கள். ஒருவர் 'குளூ6வால்' என்று எழுதுகிறார். மற்றவர் 'குளூ7வால்' என்று பதில் போடுகிறார். இருவரும் சொல்வது ஒரே மாற்றத்தைத்தான். பீட்டா குளோபின் புரதத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. புரதம் உருவாகும்போதே வெட்டுப்பட்டுப் போய்விடும் முதல் மெத்தியோனினைப் பழைய எண்ணிக்கை கணக்கில் சேர்க்கவில்லை. மரபணு மாற்றங்களைக் குறிக்கும் இப்போதைய பொது விதியான எச்ஜிவிஎஸ் முறை சேர்க்கிறது. அதனால் ஆறு ஏழாகிவிட்டது.

இதில் ஆபத்து என்னவென்றால், பழைய எண்ணிக்கையில் ஏழாவது இடத்திலும் குளூட்டமிக் அமிலமே இருக்கிறது. 'குளூ7' என்பதைப் பழைய கணக்கில் படித்தவர் அடுத்த இடத்தைப் போய்ப் பிடிப்பார். அங்கேயும் குளூ இருப்பதால் தப்பு கண்ணில் படாது. அதை வைத்தே பிரைமர் (மாற்றத்தைப் புகுத்த உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைப்பார்கள், பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) தயாராகும், செல்லுக்குள் போகும். எங்கே பிசகியது என்று தெரியவரும்போது சில மாதங்கள் கரைந்திருக்கும்.

ஆகவே கடிதத்தில் புரத மாற்றத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக்கூடாது. 'என்எம்_000518.5:சி.20ஏ>டி' என்று டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எண், அதன் பதிப்பு, டிஎன்ஏ மாற்றம் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த 5 அலங்காரத்துக்கு இல்லை. பதிப்பு மாறினால் வரிசை மாறியிருக்கலாம். குரோமோசோமில் உள்ள இடத்தைச் சொல்வதென்றால் மனித டிஎன்ஏவின் எந்த ஒப்பீட்டுத் தொகுப்பு, ஜிஆர்சிஎச்37-ஆ, ஜிஆர்சிஎச்38-ஆ என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2009-இல் வந்த தொகுப்பிலும் 2013-இல் வந்த தொகுப்பிலும் ஒரே எழுத்துக்கு வேறு வேறு எண். பல மருத்துவமனை அறிக்கைகள் இன்னும் பழைய தொகுப்பில்தான் வருகின்றன.

ஒரு மூலக்கூறின் கோளாறால் வருவது என்ற பொருளில் 'மூலக்கூறு நோய்' என்ற பெயரே அரிவாள் செல் சோகையிலிருந்து பிறந்ததுதான். 1949-இல் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ உள்ளிட்ட நால்வர், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்கிறது என்று காட்டினார்கள். வித்தியாசம் எந்தப் பெப்டைடுத் துண்டில் இருக்கிறது என்று 1956-இல் வெர்னன் இங்கிராம் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பது உறுதியானது. டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் அமைந்த முதல் சிகிச்சைக்கு 2023 கடைசியில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் அந்த எழுத்தைத் திருத்தவில்லை. பிசிஎல்11ஏ என்ற இன்னொரு மரபணுவின் ஊக்கிப் பகுதியை முடக்கி, கருவில் சுரந்த ஹீமோகுளோபினைத் திரும்பச் சுரக்கவைக்கிறது. நோயின் காரணம் தெரிந்தும் இந்தச் சிகிச்சை வர 74 ஆண்டுகள். இந்தக் காலக்கணக்கு மனதில் இருந்தால்தான் தினமும் வரும் மெயிலுக்குச் சரியான பதில் எழுத முடியும்.

காலையில் மெயில் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, வழியில் இருக்கும் பார்சல் பற்றிய மெயில். சுங்கத்தில் ஒரு கையெழுத்துக்காக நிற்கும் பெட்டிக்குள் டிரை ஐஸ் மணிக்கு மணி குறைந்துகொண்டிருக்கிறது. நோயாளிகளின் குடும்பங்களிடமிருந்து வந்தவை அடுத்து. ஆய்விதழ் ஆசிரியரின் கடிதம் எவ்வளவு எரிச்சலூட்டினாலும் மதியம் வரை காத்திருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

பொருள் கேட்டு எழுதும் கடிதத்தைப் பார்ப்போம். ஒரு பிளாஸ்மிட் வேண்டும் என்றால் முதலில் ஆட்ஜீன் போன்ற சேமிப்பகத்தில் தேடுங்கள். 2004-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற நிறுவனம் அது. அங்கே இருந்தால் யாருக்கும் கடிதமே எழுத வேண்டாம். இல்லையென்றால் கட்டுரையின் தொடர்பு ஆசிரியருக்கு எழுதுங்கள். முதல் ஆசிரியர் பெரும்பாலும் அப்போது மாணவராக இருந்தவர், இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். அவருடைய பழைய முகவரிக்குப் போன மெயில் கிணற்றில் போட்ட கல்தான்.

'உங்கள் அருமையான கட்டுரையைப் படித்தோம்' என்று இரண்டு பத்தி வேண்டாம். இப்படி எழுதினால் போதும் (ஜிஎஃப்பி என்பது அடையாளத்துக்காக இணைக்கும் ஒளிரும் புரதம்):

'வணக்கம். உங்கள் கட்டுரையின் படம் 3பி-யில் பயன்படுத்திய, பின்னால் ஜிஎஃப்பி இணைத்த முழுநீளப் புரதத்துக்கான பிளாஸ்மிட் தேவைப்படுகிறது. நோயாளியிடம் கண்ட இரண்டு மாற்றங்களை அதில் புகுத்தி, புரதம் செல்சவ்வுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கப்போகிறோம். வரைபடக் கோப்பும், எந்த ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு என்பதும் தெரிந்தால் போதும். டிஎன்ஏவை வடிதாளில் வைத்து அனுப்பலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அலுவலரின் பெயரும் கூரியர் கணக்கு எண்ணும் கீழே உள்ளன.'

பெறுபவர் யாரையும் திரும்பக் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் இந்தக் கடிதத்தை அப்படியே தன் உதவியாளருக்குத் தள்ளிவிட முடியும். பதில் வருமா வராதா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் விஞ்ஞானி தானே கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் ஒருவர் இருப்பார், அவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் செல்லாது. இரண்டு நிறுவனங்களும் 1995-இல் வந்த யுபிஎம்டிஏ பொது ஒப்பந்தத்தை ஏற்றவை என்றால் ஒரு பக்கத்துக் கடிதத்தில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் வழக்கறிஞர்களுக்குள் வாரக்கணக்கில் போகும். பொருள் கேட்கும் அதே நாளில் ஒப்பந்தத்தையும் தொடங்கிவிடுங்கள். 'முதலில் தருவார்களா பார்ப்போம், பிறகு தாளைப் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்கள் இரண்டு முறை காத்திருக்கிறார்கள்.

வடிதாளில் அனுப்புவது எளிது, ஆனால் சிறு பிழைகளுக்கு இடம் உண்டு. தாளில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 1 முதல் 2 மைக்ரோகிராம் டிஎன்ஏ உள்ள 5 முதல் 10 மைக்ரோலிட்டர் கரைசலை வைத்து, நன்றாக உலரவிட்டு, ஜிப் பைக்குள் போட்டால் சாதாரண உறையில் போய்விடும். பேனாவால் வட்டம் போட்டால் மை டிஎன்ஏவோடு சேர்ந்து ஊறி வரும். வெறும் சொட்டாக வைத்துவிட்டால் பெறுபவருக்கு எங்கே வெட்டுவதென்றே தெரியாது. உலர்ந்தபின் தாள் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளைதான். வந்ததும் வட்டத்தை வெட்டி 1.5 மி.லி. டியூபில் போட்டு, 50 மைக்ரோலிட்டர் டிஇ (டிஎன்ஏவைக் காக்கும் கரைசல்) ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அதில் 5 மைக்ரோலிட்டரை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றுங்கள். ஊறவைத்த நீரையே நேராக மனித செல்லுக்குள் செலுத்திப் பார்க்கும் அவசரம் வேண்டாம், அளவு போதாது. முதலில் பாக்டீரியாவில் வளர்த்து, பிரித்தெடுத்து, வரிசையை ஒருமுறை படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வேறொரு பிளாஸ்மிட் அதே பெயரில் வந்துசேர்வது அரிதான சங்கதி இல்லை.

ஆன்டிபயாடிக் விவரத்தைக் கடிதத்தில் கேட்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கனாமைசின் தட்டில் வளரவேண்டியதை ஆம்பிசிலின் தட்டில் போட்டால் ஒரு காலனியும் வராது. 'டிஎன்ஏ கெட்டுவிட்டது, மறுபடி அனுப்புங்கள்' என்று மெயில் போகும். இரண்டாவது உறையும் வரும், அதுவும் வளராது. ஒரே ஒரு சொல் எழுதாமல் விட்டதற்கு மூன்று வாரம்.

நோயாளியின் மாதிரியை அனுப்புவது இதைவிடக் கவலை தரும் வேலை. பிளாஸ்மிட் போனால் இன்னொன்று தயாரிக்கலாம். ஒரு குழந்தையின் தசைத் துண்டை இரண்டாம் முறை கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

வகை பி உயிரியல் பொருள் என்று வகைப்படுத்தியதற்கு யுஎன் 3373 குறியும் மூன்றடுக்குப் பொதியும் வேண்டும். கசியாத டியூப் முதல் அடுக்கு. கசியாத இரண்டாவது உறை அதற்கு வெளியே, கெட்டியான வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் வெளியே. திரவ மாதிரி என்றால், முழுவதும் கொட்டினாலும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு முதல் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கவேண்டும். உள் இரண்டில் ஒன்றாவது 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்கவேண்டும், விமானத்தில் போகிறது அல்லவா. டிரை ஐஸ் இருந்தால் யுஎன் 1845 முத்திரையும், எத்தனை கிலோ என்பதும் வெளியே தெரியவேண்டும்.

டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகும். நல்ல தெர்மோகோல் பெட்டியிலும் ஒரு நாளைக்கு 2.5 முதல் 5 கிலோ வரை போய்விடும் என்று கணக்கு வையுங்கள். இரண்டு நாள் பயணம் என்றால் மூன்று நாளுக்கு நிரப்புங்கள். மாதிரிக்குக் கீழேயும் மேலேயும் டிரை ஐஸ் இருக்கட்டும். காலியிடத்தைத் தாளால் அடையுங்கள், காற்று சுற்றினால் கரைவது வேகமாகும். தெர்மோகோல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி முழுவதும் அடைத்துவிடாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாத பெட்டி வெடிக்கும். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி யாருமில்லாத கிடங்கில் இரண்டு நாள் உட்காரும்.

எழுத்து அழிவது இன்னொரு தொல்லை. சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80-இல் உரிந்து விழும், மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டதும் கரையும். உறைநிலைக்கென்று வரும் ஸ்டிக்கரை வறண்ட டியூபில், உறையவைக்கும் முன்பே ஒட்டவேண்டும். உறைந்த டியூபில் படிந்த பனியின் மேல் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது.

பெட்டியோடு போகும் பட்டியலும், அதே பட்டியல் மெயிலாகவும் போகவேண்டும். ஒவ்வொரு டியூபுக்கும் குறியீடு, மாதிரியின் வகை, அளவு, எடுத்த தேதி, எத்தனை முறை உருகி உறைந்தது, ரத்தம் என்றால் எந்தக் குழாயில் எடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் உள்ள குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவில் ஹெபாரின் தங்கி, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். பெறுபவர் காரணம் தெரியாமல் வெப்பநிலையை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார். உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான இடிடிஏ உள்ள குழாய் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. நோயாளியின் பெயர் பட்டியலில் எங்கும் வரக்கூடாது. கோப்பின் பெயரிலும் வரக்கூடாது, அங்கேதான் பல சமயம் தப்பி நுழைகிறது.

பெட்டி வந்ததும் அனுப்பியவருக்கு 'கிடைத்தது, நன்றி' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், டிரை ஐஸ் ஏறக்குறைய எத்தனை கிலோ மிச்சம், டியூப்கள் கல்லாக இருந்தனவா, பட்டியலோடு எண்ணிக்கை ஒத்துப்போனதா என்று நான்கு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஆர்என்ஏ சிதைந்திருப்பதாகத் தெரிந்தால், பழி யார் மேல் என்ற பேச்சு எழாமல் அந்த நான்கு வரி காப்பாற்றும். திறப்பதைக் காற்றோட்டமுள்ள அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளை உடனே உருக்காமல் ஒரு நாளாவது மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்திருப்பது நல்லது. சரியாக மூடாத டியூபுக்குள் புகுந்த கார்பன் டைஆக்சைடு, உருகும்போது கரைந்து மாதிரியை அமிலமாக்கிவிடும். ஃப்ரீசரில் இருந்தால் அது வெளியேற நேரம் கிடைக்கும்.

தரவு அனுப்புவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்து சேமித்து அனுப்பாதீர்கள். செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுக்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து செப்டின்2, மார்ச்எஃப்1 என்று பெயர்களை மாற்றியது. பழைய பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த நெடுவரிசையை 'உரை' என்று அமைத்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

இனி குடும்பங்களின் கடிதங்கள். இரவு இரண்டு மணிக்கு அனுப்பியதாக நேரம் காட்டும். பரிசோதனை அறிக்கை இணைத்திருக்கும். 'இந்த மரபணுவில் வேலை செய்பவர் என்று உங்கள் பெயரைப் பார்த்தோம்' என்று தொடங்கும்.

அறிக்கையை அப்படியே யாருக்கும் முன்னனுப்பாதீர்கள். சக ஆய்வாளரிடம் கேட்க வேண்டுமென்றால் மாற்றத்தின் விவரத்தை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்து கேளுங்கள். மாதிரி வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எழுத்துபூர்வமான சம்மதமும் வந்தபிறகுதான்.

பிறகு அறிக்கையில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பான ஏசிஎம்ஜியின் 2015 வழிகாட்டுதல்படி மாற்றங்களில் ஐந்து வகை: நோய் தருவது, பெரும்பாலும் நோய் தருவது, பொருள் தெளிவாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. குடும்பங்களை அலைக்கழிப்பது நடுவில் உள்ள மூன்றாவது. 'காரணம் கிடைத்துவிட்டது' என்று அவர்கள் படித்திருப்பார்கள். அது காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதை முதல் பத்தியிலேயே எழுதவேண்டும். பெற்றோர் இருவரின் டிஎன்ஏவும் பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அந்த ஒரு சோதனை பல அறிக்கைகளின் வகையையே மாற்றிவிடும். மருத்துவ முடிவுகளைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரும் மரபியல் ஆலோசகரும்தான் எடுக்கவேண்டும். ஆனால் 'உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்' என்ற ஒரே வரியோடு முடிப்பது பதில் ஆகாது. அந்த மருத்துவர்தான் 'இதுபற்றி எனக்குத் தெரியாது' என்று கையை விரித்திருப்பார். அவருக்கே நேராக எழுத அனுமதி கேளுங்கள்.

'ஒரே ஒரு குழந்தைக்கு என்றே மருந்து செய்தார்களாமே, எங்களுக்கும் முடியுமா?' இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்விதான். பாஸ்டனில் டிமதி யூவின் குழு, பேட்டன் நோய் (நரம்புச் செல்கள் சிதையும் பரம்பரை நோய்) உள்ள ஒரு சிறுமிக்காக மிலாசென் என்ற மருந்தை வடிவமைத்து 2018 தொடக்கத்தில் செலுத்தியது. தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஓராண்டு. வலிப்புகள் குறைந்தன. நோய் அதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தது, 2021-இல் அந்தச் சிறுமி இறந்துபோனார். 2025-இல் ஃபிலடெல்ஃபியாவில் சிபிஎஸ்1 (புரதம் செரித்தபின் சேரும் அம்மோனியாவை அகற்ற உதவும் நொதி) குறைபாடுள்ள ஒரு கைக்குழந்தைக்கு, அவனுடைய பிறழ்வுக்கென்றே ஆறு மாதத்தில் உருவாக்கிய பேஸ் எடிட்டரை (டிஎன்ஏவில் ஓர் எழுத்தை மாற்றும் கருவி) செலுத்தினார்கள். அவன் முன்பைவிட அதிகப் புரதம் உண்ண முடிந்தது, மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது.

இரண்டையும் குறிப்பிட்டுவிட்டு, மூன்று விஷயங்களைப் பார்த்து விளக்குங்கள்.

மாற்றம் எப்படிப்பட்டது? மிலாசென் சாத்தியமானதற்குக் காரணம், சிறுமியின் டிஎன்ஏவில் தேவையில்லாத ஒரு துண்டு இன்ட்ரானுக்குள் (மரபணுவில் புரதமாக மாறாத இடைப்பகுதி) செருகிக்கொண்டு, ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படுவதைத் திசைதிருப்பியதுதான். அந்த இடத்தை மறைத்துவிட்டால் செல் பழைய பாதைக்குத் திரும்பும். மரபணுவின் பெரும்பகுதியே இல்லாமல் போன ஒருவருக்கு மறைக்க ஏதுமில்லை.

எந்தத் திசு? ரத்தத்தில் செலுத்தும் கொழுப்பு நுண்துகள் கல்லீரலுக்குத் தானாகவே போய்ச்சேரும், சிபிஎஸ்1 நொதி வேலை செய்யும் இடம் அது. மூளைக்கோ இதயத்தசைக்கோ இந்த வழி திறந்துகிடக்கவில்லை.

எவ்வளவு இழந்தாகிவிட்டது? முதுகெலும்புத் தசைச்சிதைவில் எஸ்எம்என்1 மரபணு 1995-இல் தெரிந்தது, நுசினெர்சென் என்ற மருந்து 2016 கடைசியில் வந்தது. அறிகுறி தெரியும் முன்பே தொடங்கிய குழந்தைகளுக்கும் பிறகு தொடங்கியவர்களுக்கும் பலனில் பெரிய வேறுபாடு. இறந்த நரம்புச் செல்லை எந்த மருந்தும் எழுப்பாது. இதை எழுதக் கை தயங்கும். எழுதத்தான் வேண்டும், குறிப்பாக அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு.

நம்பிக்கை தரும் தகவலைப் பெருக்காமல் தேதியோடு கொடுத்தால் போதும். நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மரபணு 1989-இல் தெரிந்தது, புரதத்தையே சீராக்கும் முதல் மருந்து 2012-இல் வந்தது. அதுவும் ஜி551டி என்ற மாற்றம் உள்ள சிறு பகுதியினருக்கு. பெரும்பாலானவர்களுக்குப் பயன்படும் மும்மருந்துக் கூட்டு 2019-இல். இதைப் படிக்கும் தாய், '30 ஆண்டா' என்று தளர்ந்துபோகலாம். நடுவில் நோயாளிப் பதிவேடுகளும் செல் சேமிப்பகங்களும் கட்டி எழுப்பப்படாமல் 2012 வந்திருக்காது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். ஏனென்றால் அவர்கள் இன்று செய்யக்கூடியது அதுதான்: பதிவேட்டில் சேர்வது, குழந்தை எந்த வயதில் என்ன செய்தது என்று தேதியோடும் காணொளியோடும் குறித்துவைப்பது, மருத்துவர் மூலமாக ஜீன்மேட்சர் என்ற இணையதளத்தில் மரபணுவைப் பதிவது. உலகில் அதே மரபணுவில் மாற்றமுள்ள இன்னொரு குடும்பம் இருந்தால், இரு பக்கத்து மருத்துவர்களுக்கும் மெயில் போகும்.

எலியில் கிடைத்த முடிவைச் சொல்வதென்றால் 'எலியில்' என்ற சொல்லை வாக்கியத்தின் முதலிலேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் அது கண்ணில் படுவதற்குள் மனம் எங்கோ போய்விடும்.

பொருள் தெளிவாகாத மாற்றங்களுக்கு ஒரு நாட்காட்டிக் குறிப்பு போட்டுவையுங்கள். ஓராண்டு கழித்து, மரபணு மாற்றங்களின் பொதுத் தரவுத்தளமான கிளின்வாரில் அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். வகை மாறியிருந்தால் அறிக்கை கொடுத்த ஆய்வகத்தையே மறு ஆய்வு செய்யச் சொல்லி, மருத்துவருக்கு எழுதுங்கள். மாறாவிட்டாலும் குடும்பத்துக்கு எழுதுங்கள்:

'வணக்கம். சென்ற ஆண்டு நீங்கள் கேட்ட மாற்றத்தை இந்த வாரம் மறுபடி பார்த்தோம். வகை மாறவில்லை. இதே மாற்றம் உள்ள வேறு யாரும் இன்னும் பதிவாகவில்லை. அதே மரபணுவில் வேறு இடத்தில் மாற்றம் உள்ள இரண்டு பேர் புதிதாகப் பதிவாகியிருக்கிறார்கள். விவரத்தை உங்கள் மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறோம். குழந்தை இப்போது உட்கார்கிறாளா, எந்த மாதத்தில் தொடங்கினாள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் திரும்பப் பார்க்கிறோம்.'